சொன்னதை மறவாத குழல்

மெட்டு முடிந்து மனோதர்மம் தொடங்கும் அந்த ஒரு கணத்துக்கு முதலில் போய் நிற்போம். கலிப்ஸோ தாளம் துள்ளிக்கொண்டிருக்கிறது. பியானோவும் டபுள் பாஸும் டிரம்ஸும் முற்றத்தைப் பெருக்கி நீர் தெளித்து வைத்ததுபோல் இடத்தைத் தயார் செய்துவிட்டன. வாசிக்கப் போகிறவர் நினைத்தால் ஒரே மூச்சில் நூறு ஸ்வரங்களை அள்ளி இறைக்கலாம். அதற்கான விரலும் மூச்சும் அவரிடம் இருக்கின்றன. அவர் இறைக்கவில்லை. இரண்டே இரண்டு ஸ்வரங்களைச் சொல்கிறார். குட்டையாக, நறுக்கென்று, உறவினர் வீட்டுக் கதவை உரிமையோடு தட்டுகிறவரின் தட்டல். பிறகு சும்மா இருக்கிறார். மறுபடியும் அந்த இரண்டு, தாளத்தில் சற்றே இடம் மாறி. மறுபடியும் சும்மா. அந்த இடைவெளியில் டிரம்ஸ் ஒரு சிறு பூவைச் செருகிவிட்டு நகர்கிறது.

வாசிப்பவர் சோனி ராலின்ஸ். வாத்தியம் டெனர் சாக்ஸபோன். இசைத்தட்டு 'சாக்ஸபோன் கொலோசஸ்'. நான் சொன்ன இடம் அதன் முதல் பாட்டான 'செயின்ட் தாமஸ்'. கொலோசஸ் என்றால் மாபெரும் சிலை. மேலட்டையில் நீல வெளிக்கு முன்னால் சாக்ஸபோனோடு நிற்கும் அவருடைய கரிய நிழலுரு பெயருக்கு ஏற்ற கம்பீரத்தோடுதான் இருக்கிறது. ஆனால் உள்ளே போனால் அந்தப் பேருருவம் நமக்குக் காட்டுவது உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருள்களை. ஒரு சிறு சொல்லை எடுப்பது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, கீழே போட மனமில்லாமல் வைத்துக்கொள்வது. எத்தனையோ முறை கேட்ட பிறகும் இந்த இசைத்தட்டில் என்னைக் கட்டிப்போடுவது இந்தக் குணம்தான். இவர் தாம் சொன்னதை மறப்பதில்லை. வாருங்கள், ஒவ்வோர் இடமாக நின்று பார்க்கலாம்.

1956 ஜூன் 22, வெள்ளிக்கிழமை. நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹேக்கன்சாக் ஊரில் ஒரு வீடு. அதன் வரவேற்பறைதான் ஒலிப்பதிவுக் கூடம். வீடு ரூடி வான் கெல்டரின் பெற்றோருடையது. வான் கெல்டர் தொழிலால் கண் பரிசோதகர். ஒலிப்பதிவு அவருடைய காதல். கண்ணாடி வில்லையின் கூர்மையைப் பழகிய அந்த மனிதர் காதுக்கும் அதே கூர்மையைத் தேடியிருக்கிறார் என்று இந்தப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். ப்ரெஸ்டிஜ் நிறுவனத்துக்காக, பாப் வைன்ஸ்டாக் தயாரிப்பில், நான்கு பேர் அன்று அந்த அறையில் கூடினார்கள். பியானோவில் டாமி ஃப்ளானகன், வயது 26. டபுள் பாஸில் டக் வாட்கின்ஸ், வயது 22. இருவரும் டெட்ராய்ட்காரர்கள். டிரம்ஸில் மேக்ஸ் ரோச், வயது 32. நால்வரில் மூத்தவர் அவர்தான். ஐந்து பாட்டுகள், ஏறக்குறைய நாற்பது நிமிடம். எல்லாம் ஒரே நாளில்.

அந்த அறையின் காற்றை இன்றும் கேட்கலாம். சிம்பலின் மீது குச்சி பட்டதும் எழும் மினுமினுப்பு கொஞ்ச தூரம் போய்த் தேய்ந்து அடங்குவது தெரிகிறது. பாஸின் கனத்த கம்பியை விரல் இழுத்து விடும்போது மரப்பெட்டி சிலிர்த்துக்கொள்வது தெரிகிறது. நடுவில், நமக்கு மிக அருகில், சாக்ஸபோன். ஒரு ஸ்வரம் தொடங்குவதற்கு ஒரு நொடிக்கு முன்னால் அது தொடங்கப் போகிறது என்பதைக்கூட உணர முடிகிறது. வரவேற்பறையில் ஒரு நாற்காலியை நமக்கும் போட்டுவிட்டு ஒலிப்பதிவாளர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இப்போது அந்தக் குரலை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம். அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற இந்த வாத்தியத்துக்கு உடல் பித்தளை, உயிர் நாணல். ஊதுவாயில் கட்டிய ஒரு நாணல் சீவல் அதிர்ந்துதான் அந்தப் பெரிய உலோகக் குழாய் முழுவதும் பேசத் தொடங்குகிறது. நாகஸ்வரத்தின் சீவாளியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே இரட்டை நாக்கு, இங்கே ஒற்றை நாக்கு. பளபளக்கும் பித்தளைக்குள் ஒரு புல்லின் குரல் ஒளிந்திருப்பதால்தான் சாக்ஸபோனுக்கு மனிதத் தொண்டையின் சாயல் வந்தது போலும். அதிலும் டெனர், ஆண் குரலின் நெஞ்சுப் பகுதியில் வாழும் வாத்தியம்.

ராலின்ஸின் டெனர் ஒலி கடைந்தெடுத்த கருங்காலி மரம். கனமும் இறுக்கமும் அதற்கு உண்டு. தேவையற்ற மெருகு கிடையாது. தம் சிறு வயதிலிருந்து கோல்மன் ஹாக்கின்ஸை வழிபட்டு வளர்ந்தவர் இவர். டெனருக்கு ஜாஸில் அரியணை தேடித்தந்த முன்னோடி ஹாக்கின்ஸ். அவருடைய அகன்ற நெஞ்சொலியை இவரிடமும் கேட்கலாம். ஆனால் ஹாக்கின்ஸின் வெல்வெட்டுத் திரையை இவர் விலக்கிவிட்டார். ஸ்வரத்தின் விளிம்பு தெரிகிறது, அசைவு குறைவு. ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டுமோ அவ்வளவு பிடித்து, எங்கே விடவேண்டுமோ அங்கே விடுகிறார். அந்த விடுதலின் அழகைத் தனியாகக் கவனியுங்கள். நல்ல தச்சன் உளியை எடுத்த இடத்தில் மரம் தன் மணத்தோடு நிற்குமே, அந்த நேர்த்தி.

'செயின்ட் தாமஸ்' டிரம்ஸ் ஒலியோடு பிறக்கிறது. மேக்ஸ் ரோச் தனியாகத் தாளத்தை எடுத்துவைக்கிறார். ஆழ்ந்த தோல் ஒலிகள் ஒன்றையொன்று அழைத்துப் பேச, காலால் மிதிக்கப்படும் ஜோடிச் சிம்பல்கள் நடுநடுவே கைதட்டுகின்றன. அது கரீபியக் கடற்கரையின் தாளம். ராலின்ஸ் 1930-இல் பிறந்தது நியூயார்க்கின் ஹார்லெமில். ஆனால் அவருடைய தாய் வெர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸிலிருந்து வந்தவர். இந்த மெட்டு அந்தத் தீவுகளின் பழைய நாட்டார் மெட்டு. குழந்தையாக இருந்தபோது அம்மா பாடக் கேட்டது. பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டன் இதை வேறொரு பெயரில் முந்தைய ஆண்டே பதிவு செய்திருந்தார். ஆனால் உலகம் இதைப் பாடத் தொடங்கியது இந்த வாசிப்பைக் கேட்ட பிறகுதான்.

அம்மாவின் பாட்டை ஒருவர் எப்படி வாசிப்பார்? நெகிழ்ந்து, கண் கலங்கி வாசிக்கலாம். ராலின்ஸ் சிரித்துக்கொண்டே வாசிக்கிறார். மெட்டின் ஒவ்வொரு சொற்றொடரும் வெயிலில் உலர்த்திய துணியின் சுத்தத்தோடு வந்து விழுகிறது. அலங்காரம் ஏதும் சேர்க்கவில்லை. குழந்தைகளுக்கு உரிய மெட்டைக் குழந்தைகளுக்கு உரிய தெளிவோடே வைக்கிறார். அதன் பிறகுதான் நாம் தொடக்கத்தில் நின்ற அந்த இடம் வருகிறது. இரண்டு ஸ்வரங்கள்.

அந்த இரண்டையும் அவர் என்னவெல்லாம் செய்கிறார் என்று பாருங்கள். முதலில் தட்டிப் பார்க்கிறார். பிறகு அடியில் நகரும் பியானோவின் சுருதிக்கூட்டு மாறும்போது, அதற்கேற்ப அந்த இரண்டின் நிறமும் மாறுகிறது; உருவம் மட்டும் அப்படியே. பிறகு ஒன்றை நீட்டுகிறார். பிறகு இரண்டுக்கும் நடுவே ஒரு படிக்கட்டு கட்டுகிறார். மெல்ல மெல்ல அந்தச் சிறு துணுக்கிலிருந்து ஒரு வாக்கியம் முளைக்கிறது, வாக்கியத்திலிருந்து பத்தி. நம் கச்சேரிகளில் நிரவல் பாடும்போது ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வந்து அதன் உள்ளறைகளையெல்லாம் திறந்து காட்டுவார்கள் அல்லவா? அந்த இன்பத்துக்கு மிக அருகில் இருக்கிறது இது. இங்கே வரிக்குப் பதில் இரண்டு ஸ்வரங்கள், அவ்வளவுதான். எளியதொன்றை எடுத்து அதன் மீது நம்பிக்கை வைக்க ஒரு கலைஞனுக்கு எத்தனை நிதானம் வேண்டும்!

பிறகு ரோச்சின் தனி வருகிறது. வந்து முடிந்ததும் ஓர் அற்புதம். அதுவரை தீவில் ஆடிக்கொண்டிருந்த தாளம், ராலின்ஸ் மறுபடி நுழையும்போது நியூயார்க்கின் ஸ்விங் நடைக்குத் தாவிவிடுகிறது. சிம்பல் இப்போது நீண்டு ஓடுகிறது. பாஸ் நான்கு காலில் நடக்கிறது. பாட்டு அதே பாட்டுதான். தாய் பிறந்த தீவிலிருந்து மகன் பிறந்த தெருவுக்கு ஓர் அடியில் கடந்துவிட்டோம். எந்த அறிவிப்பும் இல்லை, எந்தத் தடுமாற்றமும் இல்லை. கடைசியில் மெட்டு திரும்பும்போது தாளமும் தீவுக்குத் திரும்பிவிடுகிறது. ஒரு குடும்பத்தின் வரலாறு ஏழு நிமிடத்துக்குள் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாவது பாட்டு 'யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்'. டான் ரேயும் ஜீன் டி பாலும் 1941-இல் எழுதியது. காதலின் கசப்பை அறியாதவரிடம் அதைச் சொல்லிப் பார்க்கும் பாட்டு. முந்தைய பாட்டின் வெயில் இங்கே ஒரேயடியாக மறைந்து விடுகிறது. மெட்டின் முதல் அடியை ராலின்ஸ் எடுக்கும்போது ஒலியோடு சேர்ந்து மூச்சும் கேட்கிறது. நாணலின் ஓரத்தில் கசியும் அந்தக் காற்றை மறைக்க அவர் முயலவில்லை. துயரத்தைச் சொல்லவரும் ஒருவர் வாய் திறப்பதற்கு முன் விடும் பெருமூச்சு அது.

இந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் அழ மறுப்பதுதான். மெட்டுக்குள் சோகம் போதுமான அளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தாம் எதையும் கூட்டவேண்டியதில்லை. ஓர் அடியைப் பாதியில் நிறுத்துகிறார். நிறுத்திய இடத்திலிருந்து எதிர்பாராமல் வேகமெடுத்து ஒரு சுழல் சுழன்று, மறுபடியும் அந்த மந்தமான நடைக்கே வந்து சேர்கிறார். துக்கத்தில் இருக்கிறவர்கள் இப்படித்தானே பேசுவார்கள்? நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று நாலு வார்த்தையைக் கொட்டி, மறுபடி மௌனமாகிவிடுவார்கள். அந்தப் பேச்சின் நடையை ராலின்ஸ் எங்கே கற்றாரோ தெரியாது. அத்தனை உண்மையாக அது இதில் வந்திருக்கிறது. ரோச் இங்கே இருக்கிறாரா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு மென்மையாக இருக்கிறார். ஃப்ளானகனின் விரல்கள் ஒவ்வொரு சுருதிக்கூட்டையும் நோயாளியின் நெற்றியில் கை வைப்பதுபோல் வைக்கின்றன.

மூன்றாவதான 'ஸ்ட்ரோட் ரோட்' ஐந்து நிமிடச் சூறாவளி. ராலின்ஸின் சொந்த மெட்டு. சிகாகோவின் ஸ்ட்ரோட் ஹோட்டலை நினைவூட்டும் தலைப்பு. டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி வெப்ஸ்டர் 1947-இல் உயிர்விட்ட இடம் அது. மெட்டு படபடவென்று வெடித்து முடிகிறது. உடனே ஒரு காரியம் நடக்கிறது. அதற்காகவே இந்தப் பாட்டைத் தனியே எடுத்து மாலையிட வேண்டும். பியானோவும் டிரம்ஸும் விலகிக்கொள்ள, ராலின்ஸும் டக் வாட்கின்ஸும் மட்டும் நிற்கிறார்கள். ஓட்டம் குறையவில்லை. ஆனால் சுவர்கள் இல்லாத வீடாகிவிடுகிறது பாட்டு. ஒருபுறம் பாஸின் கரிய, உருண்ட காலடிகள். மறுபுறம் அவற்றின் மீது தாவித் தாவிப் போகும் டெனர்.

இந்த இடத்தை இரண்டு தரம் கேட்கச் சொல்வேன். முதல் தரம் டெனரைக் கேளுங்கள். இரண்டாம் தரம் வாட்கின்ஸை மட்டும் கேளுங்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. கைப்பிடிச் சுவரே இல்லாத மாடிப்படியில் ஓடச் சொன்னதுபோன்ற நிலையில் அவருடைய ஸ்வரம் ஒன்றுகூடப் பதறவில்லை. ஒவ்வொன்றும் முழு வட்டமாக, தன் எடையோடு வந்து விழுகிறது. மேலே பறக்கிறவருக்குக் கீழே தரை இருக்கிறது என்ற நிச்சயம் வேண்டும். அந்த நிச்சயத்தை நான்கு கம்பிகளால் தருகிறார் அவர். சிறிது நேரத்தில் ரோச்சும் ஃப்ளானகனும் மறுபடி பாய்ந்து வரும்போது, இதுவரை எவ்வளவு கொஞ்சம் போதுமாக இருந்தது என்ற வியப்புதான் மனத்தில் நிற்கிறது.

தட்டைத் திருப்பினால் 'மோரிடாட்'. 1928-இல் பெர்லினில் அரங்கேறிய 'மூன்று காசு நாடக'த்துக்காகக் குர்ட் வைல் அமைத்த மெட்டு. சொற்கள் பெர்டோல்ட் பிரெக்டுடையவை. மேக்கி என்ற கொலைகாரனின் பாதகங்களைத் தெருப்பாடகன் வரிசையாகப் பாடிக்காட்டும் பாட்டு. 'மேக் தி நைஃப்' என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் அப்போது பரவியிருந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங் முந்தைய ஆண்டே அதைப் பாடியிருந்தார். எல்லாருக்கும் தெரிந்த, கொஞ்சம் சலித்தும் போயிருக்கக்கூடிய மெட்டு. ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் சிறியதில் பெரியதைக் காண்கிறவருக்கு இதைவிடத் தோதான மண் ஏது?

ராலின்ஸ் இந்த மெட்டைச் சட்டைப்பையில் கை விட்டுக்கொண்டு மாலை நேரத்தில் உலாவப் போகிறவரைப் போல் எடுக்கிறார். தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் நடக்கிறார். அவசரம் என்பதே இல்லை. மெட்டின் வாலை மட்டும் பிடித்து இழுத்து, அதிலிருந்து புது வாக்கியம் ஒன்றைத் தொடங்குகிறார். நெடுந்தூரம் போய்விட்டார் என்று நாம் நினைக்கும்போது, அந்தப் பழைய வளைவின் ஒரு சிறு கீற்றை எட்டிப்பார்க்க வைத்துவிட்டு மறுபடி நகர்கிறார். கூட்டத்தில் தொலைந்துவிடாதபடி குழந்தையை அவ்வப்போது தோளுக்கு மேல் தூக்கிக் காட்டும் தகப்பனின் பரிவு அதில் இருக்கிறது. நாமும் தொலைந்துபோகவில்லை, மெட்டும் தொலைந்துபோகவில்லை.

ஃப்ளானகனின் அழகைச் சொல்ல இதுவே நல்ல இடம். தலைவர் கரடுமுரடான பெருங்குரலில் பேசி அமர்ந்த பிறகு, அதே பேச்சைத் தொடர்வதற்கு இவர் குரலை உயர்த்துவதில்லை. முத்துக்கோத்த விரல்கள். வலக்கையின் வரி தெளிந்த நீரோட்டமாகப் போகிறது. இடக்கை ஆங்காங்கே ஒரு கல்லை வைத்து நீரைச் சலசலக்கச் செய்கிறது. பின்னாளில் ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பதிவிலும் இவர்தான் அமர்ந்தார். எல்லா ஃபிட்ஜெரால்டின் குரலுக்குப் பல ஆண்டுகள் பக்கபலமாக இருந்தவரும் இவரே. பிறருடைய ஒளிக்கு இடம்விட்டு நிற்கவும், தம் முறை வரும்போது தயங்காமல் ஒளிரவும் தெரிந்தவர்கள் எந்தக் கலையிலும் குறைவு. இவர் அவர்களில் ஒருவர்.

கடைசிப் பாட்டு 'ப்ளூ செவன்'. பதினோரு நிமிடம். இந்த இசைத்தட்டின் கருவறை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். கருவறைக்குரிய இருட்டோடும் அமைதியோடும் தொடங்குகிறது. வாட்கின்ஸ் தன்னந்தனியாக நடக்கிறார். பாஸின் தனிநடை, வேறு எதுவும் இல்லை. நள்ளிரவுத் தெருவில் ஒருவர் மட்டும் நடந்துபோகும் காலடி. எந்த ஊர், எந்தத் தெரு என்று நமக்கு இன்னும் தெரியாது. ரோச் மெதுவாகச் சேர்ந்துகொள்கிறார். அதன் பிறகு ராலின்ஸ், அரைகுறையாகச் சொல்லி நிறுத்தியதுபோன்ற ஒரு சிறு மெட்டைச் சொல்கிறார்.

அந்த மெட்டில் ஒரு நுட்பம் உண்டு. அதன் நடுநாயகமாக இருப்பது ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடையே உள்ள தூரம். ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டும் தூரம் அது. எங்கே அமர்வது என்று தெரியாமல் தொங்கிக்கொண்டே இருக்கும் இடைவெளி. இதனால் இந்தப் பாட்டு எந்தச் சுருதியில் நிற்கிறது என்பதே முதலில் பிடிபடாது. இந்த ஆதாரமா, அந்த ஆதாரமா என்று காது தவிக்கும். இத்தனைக்கும் இது பன்னிரண்டு அளவுகளில் சுழலும் ப்ளூஸ்தான், ஜாஸின் மிகப் பழைய, மிக எளிய வீடு. அந்த வீட்டின் கதவைத் திறந்து, உள்ளே ஒரு விளக்கை மட்டும் மங்கலாக எரியவிட்டு, எல்லாவற்றையும் புதிதாகத் தெரியும்படி செய்துவிட்டார் ராலின்ஸ்.

இனி அவர் வாசிக்கப் போவது அனைத்தும் அந்த மெட்டின் எலும்பிலிருந்து பிறந்தவை. ஒரு துணுக்கை உடைக்கிறார். உடைந்த துண்டைத் தலைகீழாக வைத்துப் பார்க்கிறார். இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே நெடிய மௌனம் வைக்கிறார். இடையில் சரசரவென்று ஒரு கொத்து ஸ்வரங்கள் ஓடும். அவை ஓய்ந்ததும் அடியில் அந்தப் பழைய தூரம் அப்படியே நிற்கும், வெள்ளம் வடிந்த பிறகு தெரியும் மண்டபத் தூணாக. பியானோவின் முறை முடிந்து அவர் மீண்டும் வரும்போது, நிமிடங்களுக்கு முன் விட்டுவைத்த பேச்சை அதே இடத்திலிருந்து எடுக்கிறார். இடையில் போனது நேரம் மட்டுமே. நினைவு போகவில்லை.

ரோச்சின் தனியைக் கேளுங்கள். தனி ஆவர்த்தனத்தில் கணக்கை ரசிக்கத் தெரிந்த காதுகளுக்கு இது ஒரு விருந்து. கைவரிசை காட்டும் ஆரவாரம் எதுவும் இல்லை. மும்மூன்றாக விழும் ஒரு சிறு சொல்லும், குச்சிகள் அதிர்ந்து உருளும் ஒரு நீள உருட்டும். இவ்விரண்டையே மூலதனமாக வைக்கிறார். முதலாவதைச் சொல்கிறார், மௌனம் காட்டுகிறார், இரண்டாவதைச் சொல்கிறார். பிறகு ஒன்றை மற்றதன் வயிற்றில் வைக்கிறார். தோல்கருவியில் ஸ்வரம் இல்லை என்பார்கள். இங்கே ஒரு வாதம் இருக்கிறது, அதற்குத் தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் இருக்கின்றன. சாக்ஸபோன் எப்படிச் சிந்தித்ததோ அப்படியே டிரம்ஸும் சிந்திக்கிறது. நால்வரும் ஒரே மனத்தில் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

1958-இல் இசையமைப்பாளர் குந்தர் ஷுல்லர் 'தி ஜாஸ் ரிவ்யூ' இதழில் இந்த ஒரு பாட்டை எடுத்து நீண்ட கட்டுரை எழுதினார். மனோதர்மம் என்பது கணநேர எழுச்சிகளின் தொகுப்பு என்றிருந்த எண்ணத்துக்கு மாற்றாக, ஒரு கருவை எடுத்து அதையே வளர்த்துக் கட்டடமாக்கும் கலை இதில் இருக்கிறது என்று ஸ்வரம் ஸ்வரமாகக் காட்டினார். அந்தக் கட்டுரையை வாசித்த ராலின்ஸ் மகிழ்ந்ததைவிடக் கூசியதே அதிகம். இப்படியெல்லாம் திட்டமிட்டு வாசிப்பதாக அவர் தம்மை எண்ணியிருக்கவில்லை. எனக்கு இந்தக் கூச்சமும் அந்தக் கட்டுரையைப் போலவே அருமையாகப் படுகிறது. தறியில் கை ஓடிக்கொண்டிருக்கிறவருக்கு எத்தனை இழை என்ற எண்ணிக்கை நினைவில் இருப்பதில்லை. எண்ணிப் பார்த்து வியப்பது புடவையைக் கையில் வாங்கிய நம்முடைய வேலை.

இந்த நாற்பது நிமிடத்தின் மீது ஒரு நிழலும் உண்டு. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராலின்ஸும் ரோச்சும் அந்த நாட்களில் டிரம்பெட் மேதை கிளிஃபோர்ட் பிரௌனோடு ஒரே குழுவில் வாசித்துவந்தார்கள். இந்தப் பதிவு நடந்த நான்காம் நாள், ஜூன் 26 அன்று, பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் நடந்த கார் விபத்தில் பிரௌனும் குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும் இறந்துபோனார்கள். பிரௌனுக்கு வயது 25, ராலின்ஸின் வயதே. டக் வாட்கின்ஸும் 1962-இல் ஒரு கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார். 27 வயதுதான் ஆகியிருந்தது. இந்தத் தட்டில் இவை எதுவும் தெரியாது. இங்கே நண்பர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ரோச் குச்சிகளை எடுக்கிறார், வாட்கின்ஸ் கம்பியில் விரல் வைக்கிறார், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே நிற்கிறது. 'செயின்ட் தாமஸ்' சிரிக்கும்போது சில சமயம் என் தொண்டை அடைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனையும் சாதித்த பிறகு அந்த இளைஞர் என்ன செய்தார்? 1959-இல், புகழின் உச்சியில், மேடைகளை விட்டு விலகினார். ஈஸ்ட் நதியின் மேல் மன்ஹாட்டனையும் புரூக்ளினையும் இணைக்கும் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்கு டெனரைத் தூக்கிக்கொண்டு போய் மணிக்கணக்கில் பயிற்சி செய்தார். ரயில்களும் படகுகளும் மட்டுமே சபை. 1961-இல்தான் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு வந்த இசைத்தட்டுக்கு 'தி பிரிட்ஜ்' என்றே பெயர் வைத்தார். உலகம் கொலோசஸ் என்று அழைத்தவர் தம்மை இன்னும் மாணவராகவே எண்ணியிருந்தார். இரண்டு ஸ்வரங்களை விடாமல் திருப்பிப் பார்க்கும் அந்தக் குணத்தின் வேர் இந்தப் பணிவில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. தமக்குக் கிடைத்த சிறியதைப் போதாது என்று நினைக்காதவர், தம்மால் முடிந்த பெரியதைப் போதும் என்று நினைக்கவில்லை.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2016-ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இந்த இசைத்தட்டைச் சேர்த்துக் காப்பில் வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் இதற்கு உண்மையான காப்பிடம் பரபரப்பு அடங்கிய ஒரு வீடும், நாற்பது நிமிடம் ஒதுக்கத் தெரிந்த இரண்டு காதுகளும். ஜாஸ் உங்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம், தடையில்லை. ஓர் இரவு விளக்கைக் குறைத்துவிட்டு முதல் பாட்டை ஓடவிடுங்கள். மெட்டு முடியட்டும். அந்த இரண்டு ஸ்வரங்கள் கதவைத் தட்டும்போது, அடுத்து என்ன வரப்போகிறது என்று தேடாமல் அவற்றோடு மட்டும் இருங்கள். அவை எங்கே போகின்றன, என்ன உடை மாற்றுகின்றன, எப்போது திரும்புகின்றன என்று பாருங்கள். அப்படியே 'ப்ளூ செவன்' வரை போய், வாட்கின்ஸின் தனிநடை தொடங்கும்போது கொஞ்சம் கூடவே நடங்கள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து கேளுங்கள்.

அன்று அந்த வரவேற்பறையில் அதை வாசித்தவருக்கு 26 வயது நிறைய இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.